உறைபனிக்கு முன்னால் – 9: அறுபத்திரண்டு கிலோ முட்டைக்கோஸ்

வசந்தத்தின் கடைசி உறைபனி, இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி, இரண்டுக்கும் நடுவில் மிஞ்சும் நாட்கள்: போன வாரம் அதுவரை வந்துவிட்டோம். குளிர்ந்த மண்ணைச் சூடேற்றும் வழிகளை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் அலாஸ்காவின் பாமர் ஊருக்குப் போய்வந்தே ஆக வேண்டும். அங்கே நடக்கும் அலாஸ்கா மாநிலப் பொருட்காட்சியில், 2012 ஆகஸ்ட் 31 அன்று தராசில் ஏறிய ஒரு முட்டைக்கோஸின் எடை 62.71 கிலோ. வளர்த்தவர் ஸ்காட் ராப். உலகிலேயே கனமான முட்டைக்கோஸ் என்று கின்னஸ் அதைப் பதிவு செய்தது.

நம் காய்கறிக் கடையில் இரண்டு கிலோ கோஸ் என்றாலே பாதியாக வெட்டித் தரச் சொல்லுவோம். இதுவோ வளர்ந்த ஓர் ஆளின் எடை. அதுவும் பாமர் எங்கே இருக்கிறது? வடக்கு அட்சரேகை 61 பாகையைத் தாண்டி. மே மாதத்தின் பின்பாதி வரை உறைபனி பயம், செப்டம்பர் பிறந்தால் மறுபடி பயம். ஏறத்தாழ நூறு நாட்கள்தான் அங்கே தோட்டக்காரருக்குச் சொந்தம். நாட்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் இந்த முட்டைக்கோஸுக்கு விளக்கமே கிடைக்காது.

வெளிச்சத்தை எண்ணிப் பாருங்கள். ஜூன் நடுவில் பாமரில் சூரியன் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் வானத்தில் நிற்கிறது. மறைந்த பிறகும் முழு இருட்டு வருவதில்லை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை கூட்டினால், அந்த நூறு நாளில் சுமார் 1,700 மணி நேரப் பகல். நம் ஊட்டியில் நூறு நாளுக்கு 1,200 மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். அங்கே வெயில் சாய்வாக விழுகிறது, அதனால் உறைப்பு குறைவு, உண்மைதான். ஆனால் முட்டைக்கோஸுக்கு உச்சி வெயில் தேவையில்லை. மிதமான வெளிச்சம் நீண்ட நேரம் கிடைத்தால் போதும்.

இரண்டாவது காரணம்தான் இந்த வாரம் முழுக்க என்னை ஆட்டிவைத்தது. இலை வெளிச்சத்தில் சர்க்கரை செய்கிறது. செய்த சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி இரவு பகலாகச் சுவாசித்தே செலவழிக்கிறது. சூடு ஏற ஏற இந்தச் செலவும் ஏறும். பாமரில் கோடையிலும் இரவுகள் குளிர்ச்சியாகவே இருக்கின்றன, இரவும் குட்டை. வரவு நாளெல்லாம், செலவு கொஞ்சம். மிச்சமெல்லாம் இலையாகிறது. அலாஸ்கா கேரட் அத்தனை இனிப்பாக இருப்பதற்கும் குளிர் ஒரு காரணம்.

நீண்ட பகல் எல்லாப் பயிருக்கும் வரம் இல்லை. ஸ்பினாச் கீரை அந்தப் பகலைக் கண்டதும் தண்டு விட்டுப் பூத்துவிடும், இலை தேறாது. முட்டைக்கோஸ் ஈராண்டுப் பயிர். நடுவில் வாரக்கணக்கில் நல்ல குளிரைக் கடந்தால்தான் அது பூப்பதை நினைக்கும். முதல் கோடையில் அதற்குத் தெரிந்த ஒரே வேலை இலை மேல் இலை போடுவது.

போட்டிக்கு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஓ.எஸ். கிராஸ் என்ற கலப்பின விதையைத்தான் நாடுகிறார்கள். வெளியே பனி குவிந்திருக்கும்போதே வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் நாற்று தயாராகிவிடும். நிலத்துக்கு வந்த பிறகு சாம்பல் பூத்த பச்சையில், தடித்த நரம்போடு வெளி இலைகள் பல அடி அகலத்துக்கு விரிகின்றன. நடுவில் தலை இறுகுகிறது. ஆகஸ்டில்தான் உண்மையான கவலை. ஒரு பெருமழை போதும், உள்ளே வளர்ச்சி முந்திக்கொண்டு தலை வெடித்துவிடும். வெடித்த இடத்தில் அழுகல் பிடிக்கும். கடமான் வேறு வேலி தாண்டி வந்து ஒரே இரவில் கோடை முழுவதன் உழைப்பையும் மேய்ந்துவிடும்.

இந்தப் போட்டியின் தொடக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1935-ல், பெருமந்தத்தில் நொடித்துப்போன 203 குடும்பங்களை மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலிருந்து அமெரிக்க அரசு பாமர் இருக்கும் மட்டனுஸ்கா பள்ளத்தாக்கில் கொண்டுவந்து குடியேற்றியது. யாருக்கு எந்த நிலம் என்பதைக் குலுக்கல் சீட்டு முடிவு செய்தது. வந்தவர்கள் முதலில் கூடாரத்தில் தங்கி, காட்டை வெட்டி நிலமாக்கினார்கள். பலர் தாங்காமல் திரும்பிப் போனார்கள். தங்கியவர்கள் 1936-லேயே பொருட்காட்சி நடத்தினார்கள். 1941-ல் அலாஸ்கா ரயில்வேயின் நிர்வாகி, பெரிய முட்டைக்கோஸுக்கு 25 டாலர் பரிசு அறிவித்தார். வென்ற கோஸின் எடை 23 பவுண்டு, பத்தரைக் கிலோ. அங்கிருந்து 62 கிலோவுக்கு எழுபது ஆண்டுகளில் வந்திருக்கிறார்கள். அரசுத் திட்டமாக அந்தக் குடியேற்றத்தை எப்படி வேண்டுமானாலும் மதிப்பிடலாம்; தங்கி உழுதவர்களின் பிடிவாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அவர்களுக்கு வாய்த்த மண்ணும் நல்ல மண். பனியாறுகள் பாறையை மாவாக அரைத்து ஆற்றில் விட, வற்றிய படுகையிலிருந்து காற்று அதை வாரி வந்து பள்ளத்தாக்கில் படியவைத்திருக்கிறது. ஆனால் கோடையிலும் அந்த மண் சில்லென்றே கிடக்கும். மேட்டுப்பாத்தி, பிளாஸ்டிக் மூடாக்கு என்று நான் சொல்ல வந்தது அதற்குத்தான். இடம் முடிகிறது, அடுத்த வாரம் அதிலேயே தொடங்குகிறேன். உறைபனி இரவில் செடி மேல் தண்ணீர் தெளித்து, அந்தத் தண்ணீர் உறையும்போது விடும் வெப்பத்தாலேயே செடியைக் காப்பாற்றுவதும் அதோடு வரும்.

வெளிநாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. டொரண்டோ இருப்பது 44-ஆம் பாகைக்கும் கீழே. அங்கே கோடைச் சூடு உண்டு, வெண்டையும் கத்தரியும் தாராளமாகக் காய்க்கும். ஒஸ்லோவும் பெர்கனும் ஏறத்தாழ பாமரின் அட்சரேகை. அங்கே இருப்பவர்கள் திறந்த நிலத்தில் வெண்டையோடு போராட வேண்டாம். இந்த மே மாதம் நாலு முட்டைக்கோஸ் நாற்று நடுங்கள், செடிக்குச் செடி மூன்றடி விட்டு.