சொல்லாத நோயும் காட்டும் படமும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், மருதமுனை முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களிலே, பெண்கள் உம்மாவிடம்கூடச் சொல்லத் தயங்கும் நோய்களுள் சலக்கடுப்பும் ஒன்றாகும். இளநீரும் பார்லிக் கஞ்சியும் குடித்து, வலியைப் பொறுத்து நாட்கடத்துவோர் உளர்.

பெண்ணின் சிறுநீர்வழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது. ஆணுக்கோ அது 20 சென்ரிமீற்றர் வரை நீளும். ஆதலால் பெண்களுக்குக் கிருமிகள் சலப்பையை எளிதில் அடைகின்றன. இத்தகைய தொற்றுக்குப் பெரும்பாலும் சலப் பரிசோதனையும் தகுந்த மருந்துமே போதும். படம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால், மருந்தினால் தணிந்த நோய் மீண்டும் மீண்டும் வருமாயின், அதன் காரணத்தைத் தேடுதல் வேண்டும். சலங்கழித்து எழுந்தபின் துளித்துளியாய்க் கசிவதும், தாம்பத்தியத்தில் வலி தோன்றுவதும் கவனிக்கத் தக்கவை. வுழூ முறிந்துவிடுமோ என்று தொழுகைதோறும் கலங்கும் பெண்ணுக்கு இக்கசிவு சிறு துன்பமன்று. சிறுநீர்வழியின் சுவரில் ஒரு சிறு பை புடைத்து, அதனுள் சலம் தேங்கிச் சீழ் கட்டியிருக்கலாம். சில வேளை கல்லும் உண்டாகலாம்.

இந்நோய் மிக அரிதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1956 ஆம் ஆண்டில் டேவிஸ், சியன் என்னும் அமெரிக்க வைத்தியர்கள் ஒரு புதிய முறையை விளக்கினர். இரு பலூன்கள் பொருத்திய குழாயினால் சிறுநீர்வழியின் இரு முனைகளையும் அடைத்து, எக்ஸ் கதிர்ப் படத்திற் புலப்படும் திரவத்தை அழுத்தத்துடன் செலுத்தினர். மறைந்திருந்த பை நிரம்பிப் படத்திலே துலங்கிற்று. 1958 இல் டேவிஸும் டீ லிண்டும் இத்தகைய 121 நோயாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். நோய் புதிதாகப் பெருகியதன்று. அதைக் காணும் வழி கிடைத்தது.

இன்று, சலப்பையைத் திரவத்தால் நிரப்பி, அது வெளியேறும்போதே எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பதுண்டு. கருவுற்றிருக்கக் கூடியவர்கள் அதனை முன்னரே தெரிவித்தல் அவசியம். ஒலியலையால் இயங்கும் ஸ்கேனிலும், காந்தப்புலத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. முறையிலும் எக்ஸ் கதிர் இல்லை. பையின் அளவையும், அது சிறுநீர்வழியைச் சுற்றி வளைந்துள்ள விதத்தையும் எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டுவதால், சத்திரசிகிச்சையைத் திட்டமிட அது பெரிதும் உதவுகிறது.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. முதலில் அங்கே சென்று குறைகளை ஒளிக்காமல் கூறலாம். தேவையாயின் உரிய நிபுணரிடம் அனுப்புவார்கள். பரிசோதனையின்போது பெண் தாதியொருவர் உடனிருக்க வேண்டுமெனக் கேட்பதும் தவறன்று. எங்கே படம் எடுக்க வேண்டும் என்பதை வைத்தியருக்கு முதலில் உணர்த்துவது நோயாளியின் சொல்லே.