பிள்ளையைக் கிரிக்கெட் பயிற்சியில் சேர்க்குமுன்

மார்ச் மாதம் பரீட்சைகள் முடிகிற சமயம் வந்துவிட்டால், மும்பையில் விளக்குக் கம்பங்களில் எல்லாம் கிரிக்கெட் பயிற்சி முகாம் விளம்பரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். நம்மவர் வீடுகளிலும் அதே பேச்சுத்தான். "மாமா, நீங்க ரயில்வேக்காக ஆடினவர். பையனை எங்கே சேர்க்கலாம்?" என்று மாட்டுங்காவிலிருந்து ஒருவர் கேட்பார். "அண்ணாச்சி, இருபதாயிரம் கேக்காங்க. குடுக்கலாமா?" என்று தாராவியிலிருந்து இன்னொருவர் போன் செய்வார். தனித்தனியாகச் சொல்லி வந்ததை, சங்க அன்பர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் கோச் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிவிஷன் அணிக்காகப் பல வருஷம் பந்து வீசியிருக்கிறேன். இப்போது பேரனையும் பேத்தியையும் மைதானத்துக்கு அழைத்துப் போய் வருகிறேன். லைன் எப்படி இருக்கிறது என்று ஆபீசில் உட்கார்ந்தபடி சொல்ல முடியாது. இறங்கி நடக்க வேண்டும், அளந்து பார்க்க வேண்டும். பயிற்சி நிலையத்துக்கும் அதே விதிதான். பணம் கட்டுமுன் இரண்டு நாள் காலையில் போய், ஓரமாக நின்று, கையில் கடிகாரத்தோடு பாருங்கள். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

எதற்காகச் சேர்க்கிறோம்?

இதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. 16 வயதுக்கு உட்பட்டோருக்கு விஜய் மெர்ச்சண்ட் கோப்பை, 19 வயதுக்கு உட்பட்டோருக்குக் கூச் பெஹார் கோப்பை என்று மாநிலங்களுக்கிடையே போட்டிகள் நடக்கின்றன. ஒரு மாநில அணியில் இடம் சுமார் 15 பேருக்கு. மும்பையிலும் சுற்று வட்டாரத்திலும் காலையில் பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் என்று லோக்கல் வண்டியில் போகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே, "இந்தியாவுக்கு ஆட வேண்டும்" என்பதை மட்டுமே காரணமாக வைத்துக்கொண்டு சேர்த்தால், பெரும்பாலான வீடுகளில் ஏமாற்றந்தான் மிஞ்சும்.

2016 ஜனவரியில் கல்யாணில் பிரணவ் தனவடே என்ற பள்ளி மாணவர் ஒரே இன்னிங்ஸில் ஆட்டம் இழக்காமல் 1009 ரன் எடுத்தார். உலகமே அவரைப் பற்றிப் பேசியது. மும்பை கிரிக்கெட் சங்கம் மாதாந்திர உதவித் தொகையும் கொடுத்தது. அடுத்த ஆண்டே ஆட்டம் சரியாக அமையவில்லை என்று, உதவித் தொகையை நிறுத்திக்கொள்ளும்படி குடும்பத்தாரே எழுதிக் கேட்டுக்கொண்டார்கள். அந்த நேர்மைக்குத் தலை வணங்க வேண்டும். அதே சமயம், ஆயிரம் ரன் அடித்த பிள்ளைக்கே பாதை இவ்வளவு கடினம் என்பதையும் நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பு உரம் பெறும், காலையில் எழும் பழக்கம் வரும், மராத்தி, குஜராத்தி, உருதுப் பிள்ளைகளோடு தோழமை வளரும், தோற்றுவிட்டு மறுநாள் மீண்டும் வரத் தெரியும். இவை எல்லாப் பிள்ளைக்கும் நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய லாபங்கள். அணித் தேர்வு கிடைத்தால் அது மேற்கொண்டு வருவது.

கடிகாரக் கணக்கு

போன கோடையில் இரண்டு இடங்களில் நின்று கணக்குப் பார்த்தேன். முதல் இடத்தில் 44 பிள்ளைகள், 2 நெட். பயிற்சி 2 மணி நேரம். ஓட்டமும் உடற்பயிற்சியும் அரை மணி போக மீதி 90 நிமிடம். ஒரு நெட்டுக்கு 22 பிள்ளைகள் என்றால் ஒருவருக்கு 4 நிமிடம். நிமிடத்துக்கு 4 அல்லது 5 பந்து வைத்தாலும் 20 பந்துக்கு மேல் தேறாது. மீதி நேரமெல்லாம் வரிசையில் நிற்பதும், நெட்டுக்கு வெளியே பந்து பொறுக்குவதும்தான். இரண்டாவது இடத்தில் 18 பிள்ளைகள், அதே 2 நெட். ஒருவருக்கு 10 நிமிடம், நாற்பதுக்கும் மேல் பந்து. முதல் இடத்தில் புதுச் சீருடை, பெரிய பலகை, இரண்டு மடங்குக்கு மேல் கட்டணம். ஒரு பந்துக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

பந்தை எண்ணுவதோடு கோச்சையும் கவனியுங்கள். பிள்ளை பேட் செய்யும்போது அவர் கண் எங்கே இருக்கிறது? போனிலா, பிள்ளையின் காலிலா? தவறு செய்த பிள்ளையை அழைத்து ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லித் திருத்துகிறாரா, பத்து விஷயத்தைச் சொல்லிக் குழப்புகிறாரா? கை நீட்டுகிறவராகவோ கெட்ட வார்த்தை பேசுகிறவராகவோ இருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். கிரிக்கெட் வாரியத்தின் லெவல் சான்றிதழ் பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பலகையில் பெரிய ஆட்டக்காரரின் பெயர் இருந்தால், அவர் மைதானத்துக்கு வருஷத்தில் எத்தனை நாள் வருவார் என்றும் கேட்டு வையுங்கள்.

நெட்டும் ஆட்டமும்

நெட்டில் எவ்வளவு அடித்தாலும் ஆட்டத்தில் அவுட்டானால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். அந்தப் பாடத்தை ஆட்டம் மட்டுமே கற்றுக் கொடுக்கும். சிவாஜி பார்க்கில் பயிற்சி கொடுத்த ரமாகாந்த் ஆச்ரேகர் இதை நன்றாக அறிந்தவர். சச்சின் டெண்டுல்கரைத் தம் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு ஆட்டத்திலிருந்து இன்னொரு ஆட்டத்துக்கு அழைத்துப் போவாராம். 60 நாள் கோடை விடுமுறையில் 55 பயிற்சி ஆட்டங்கள் ஆடியதாக டெண்டுல்கரே 2014-இல் வெளிவந்த தம் சுயசரிதையில் சொல்கிறார். நம் பிள்ளைக்கு அத்தனை வேண்டாம். ஆனால், "வருஷத்தில் என் பிள்ளை எத்தனை ஆட்டம் ஆடுவான்? கடைசி வரிசைப் பிள்ளைக்கும் வாய்ப்பு உண்டா?" என்று அவசியம் கேளுங்கள்.

மும்பையின் பலமே பள்ளி ஆட்டங்கள்தான். 14 வயதுக்கு உட்பட்டோருக்கு ஜைல்ஸ் ஷீல்டு, 16 வயதுக்கு உட்பட்டோருக்கு ஹாரிஸ் ஷீல்டு. 1988-இல் டெண்டுல்கரும் காம்ப்ளியும் சேர்ந்து 664 ரன் எடுத்தது இந்த ஹாரிஸ் ஷீல்டு ஆட்டத்தில், நம் வி.டி. ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ஆசாத் மைதானத்தில். ஆகவே பிள்ளை படிக்கும் பள்ளி இந்தப் போட்டிகளில் கலந்துகொள்கிறதா என்று விசாரியுங்கள். கலந்துகொண்டால், விலை உயர்ந்த அகாடமியைவிடப் பள்ளி அணியும் பக்கத்து கிளப்பும் போதும். கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால், 1948 முதல் மழைக்காலத்தில் நடந்து வரும் கங்கா லீகில் அந்த கிளப் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஈரமான தரையில் பெரியவர்களோடு ஆடிப் பழகியவனுக்குப் பிற்பாடு எந்த விக்கெட்டும் பயமாக இருக்காது.

தூரம்

ரயில்வேக்காரன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். காலை எட்டு மணி லோக்கலில் கிட் பையோடு ஏறும் பிள்ளையின் நிலைமையைப் பார்த்தவன் நான். டோம்பிவிலியிலிருந்து சிவாஜி பார்க் போய் வருவதற்குள் பிள்ளையின் பாதி உயிர் போய்விடும். பிறகு பள்ளிப் பாடம் எப்படி ஏறும்? டெண்டுல்கருக்கும் பாந்த்ராவிலிருந்து அலைவது சிரமமாக இருந்ததால்தான் சிவாஜி பார்க் அருகில் உறவினர் வீட்டில் தங்கினார். அப்படித் தங்க வைக்க நமக்கு இங்கே உறவினர் ஏது? வீட்டிலிருந்து அரை மணிக்குள் போகக்கூடிய மைதானமாகப் பாருங்கள். சுமாரான இடமானாலும் தினமும் போக முடிந்தால், பெயர் பெற்ற இடத்துக்கு வாரம் ஒரு நாள் போவதைவிட மேல்.

உடம்பைக் காக்க வேண்டும்

பந்தைப் பற்றி ஒரு கணக்கு. பெரியவர்கள் ஆடும் தோல் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். 13 வயதுக்கு உட்பட்டோருக்கு விதிப்படி 133 முதல் 144 கிராம். ஏழு எட்டு வயதுப் பிள்ளை டென்னிஸ் பந்தில் ஆடட்டும். பயம் தெளிந்தபின் இலேசான சீசன் பந்துக்கு மாறலாம். பேட்டை மேல் கையால் மட்டும் பிடித்துத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கை நடுங்கினால் பேட் பெரிது என்று அர்த்தம். "வளர்ந்தபின் சரியாகிவிடும்" என்று வாங்கும் பழக்கம் செருப்புக்குப் பொருந்தலாம், பேட்டுக்குப் பொருந்தாது.

வேகப்பந்து வீசும் பிள்ளைக்கு முதுகெலும்பில் விரிசல் வருவது வளரும் வயதில் சகஜம். இங்கிலாந்து வாரியம் நெடுங்காலமாக வைத்து வந்த வரம்பு, 13 வயதுக்கு உட்பட்டவர் ஒரே மூச்சில் 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர். 15 வயது வரை 6 ஓவர், நாளுக்கு 12 என்பது. உங்கள் கோச் இப்படி ஓவர் கணக்கு வைக்கிறாரா? முதுகு வலி என்று பிள்ளை சொன்னால் தைலம் தேய்த்து அனுப்பாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் தயவு தாட்சண்யம் கூடாது. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற நம் முன்னாள் டெஸ்ட் வீரர் ராமன் லாம்பா, தலையில் பந்து பட்டு மூன்றாம் நாள் உயிரிழந்தார். சின்னப் பிள்ளைகளைப் பேட்ஸ்மேனுக்கு அருகில் வெறும் தலையோடு நிறுத்தும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

பெண் குழந்தைகள்

"பெண்ணுக்கு எதற்கு கிரிக்கெட்?" என்று கேட்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். நம்மைப் போலவே ஊரை விட்டு வந்த தமிழ்க் குடும்பத்தில், ஜோத்பூரில் பிறந்து ஹைதராபாதில் வளர்ந்தவர் மிதாலி ராஜ். தகப்பனார் விமானப் படையில் இருந்தவர். 1999-இல் தம் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே ஆட்டம் இழக்காமல் 114 ரன் எடுத்தார். வேலை தந்தது எங்கள் ரயில்வேதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. 2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது பேத்தி துள்ளிய துள்ளலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பெண் பிள்ளையைச் சேர்க்கும்போது, கூட எத்தனை பெண்கள் ஆடுகிறார்கள், உடை மாற்ற இடம், கழிப்பறை உண்டா, பெண் உதவியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஒரே ஒரு பெண்ணாக நிறுத்தினால் மூன்றாம் மாதம் நின்றுவிடுவாள்.

பிறப்புச் சான்றிதழ்

இது நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல். தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பதால் பிறப்பு பதிவானது திருநெல்வேலியிலோ கும்பகோணத்திலோ இருக்கும். அதில் இனிஷியல்; இங்கே பள்ளியில் அப்பா பெயர் கடைசியில்; ஆதாரில் வேறு மாதிரி. தேர்வு நாளன்று மூன்றும் ஒத்துப் போகாமல் பிள்ளை வாசலில் நிற்கும். ஊருக்குப் போகும்போது நகராட்சியில் இதைச் சரி செய்து வாங்கி வாருங்கள்.

"ஒரு வயது குறைத்துவிட்டால் தேர்வு சுலபம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் ஒரு இடைத்தரகர் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, தகப்பனார் மறுத்துவிட்டார். 16 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் முறை இருக்கிறது. பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் இரண்டு ஆண்டு தடை என்று 2020-இல் வாரியம் அறிவித்தது. தடை போனாலும், அப்பாவே பொய் சொல்லச் சொன்னார் என்பது பிள்ளை மனத்தை விட்டுப் போகாது.

கடைசியாகச் சில வார்த்தைகள்

வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மூன்று மாதத்துக்குக் கட்டுங்கள். முதல் மூன்று மாதம் கிட் வாங்க வேண்டாம். பெரும்பாலான கிளப்புகளில் பொதுப் பை இருக்கும். பள்ளியை நிறுத்தியோ பத்தாம் வகுப்பைத் தள்ளிப் போட்டோ ஆடச் சொல்லும் கோச்சிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியில் படித்துக்கொண்டே வளர்ந்தவர்தான் ஸ்ரேயஸ் ஐயர்.

முதல் மாதம் முடிந்ததும் பிள்ளையிடம் எத்தனை ரன் எடுத்தாய் என்று கேட்க வேண்டாம். "நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். யோசிக்காமல் "ஐந்தரை" என்று பதில் வந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் சரியானதுதான்.