கடற்கரை நாயின் கிழிந்த முழங்கால்

சிலாபத்திலிருந்து உடப்பு வழியாகக் கற்பிட்டி வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் நாய்கள் பெரும்பாலும் கட்டின்றியே வாழ்கின்றன. வாடியைக் காத்தும், கரைவலை இழுபடும் இடத்தில் மீனுக்குக் காத்தும் திரியும் அத்தகைய நாயொன்று பின்னங்காலைத் தூக்கி நொண்டினால், முள் ஏறியிருக்கும் அல்லது யாரோ கல்லெறிந்திருப்பர் என்று எண்ணி விட்டுவிடுவதே வழக்கம். சில நாட்களில் நொண்டல் தணிந்து பின்னர் மீண்டும் தலைகாட்டுமாயின், முழங்கால் மூட்டினுள் உள்ள முன்சிலுவை நார் சிதைந்திருக்கக்கூடும் என ஐயுற வேண்டும். தொடையெலும்பையும் அதன் கீழுள்ள கணைக்காலெலும்பையும் பிணைத்தவாறு ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இரு நார்களில் இது முன்னுள்ளதாகும்.

மனிதரில் இந்நார் பெரும்பாலும் விளையாட்டில் கால் திடீரென முறுகும்போது அறுபடுகிறது. நாயிலோ மாதக்கணக்கில் இழையிழையாக நைந்து, கடைசியில் ஒரு சாதாரணத் துள்ளலில் அற்றுப்போகிறது. நாயின் கணைக்காலெலும்பின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்தும் முழங்கால் எப்போதும் மடிந்தும் இருப்பதால், ஒவ்வோர் அடியிலும் அவ்வெலும்பு முன்னே தள்ளப்பட, அதைத் தடுக்கும் சுமை இந்நார்மீதே விழுகிறது. உடற்பருமனும், லாப்ரடோர், ரொட்வைலர் போன்ற இனங்களின் பிறவி இயல்பும் சிதைவை விரைவுபடுத்துகின்றன. இது ஒரு காலோடு முடியும் விபத்தன்று என்பதாலேயே, பாதிக்கப்பட்ட நாய்களில் மூன்றிலொன்று முதல் பாதி வரையானவற்றில் மறுகாலும் பின்னர் பழுதடைகிறது.

உட்காரும்போது காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைப்பது வீட்டார் காணக்கூடிய அடையாளம். மிருக வைத்தியர் தொடையெலும்பை ஒரு கையால் நிறுத்தி, கணைக்காலெலும்பை மறுகையால் முன்னே நகர்த்திப் பார்ப்பார். அது மேசை இழுப்பறைபோல் வெளியே நழுவினால் நார் அறுந்திருப்பது உறுதியாகும். எக்ஸ்ரேயில் நார் தெரியாது. மூட்டு வீக்கமும் தேய்மானமுமே தெரியும்.

1952இல் ஹெல்சிங்கியில் சாக்கி பாட்சமா, தொடைத் தசையின் உறையிலிருந்து எடுத்த பட்டையை எலும்பில் துளையிட்டுச் செலுத்தி நாருக்கு மாற்றாக்கினார். பின்னர் மூட்டுக்கு வெளியே வலிய நைலோன் இழையால் கட்டும் முறை பரவியது. அமெரிக்காவின் பார்க்லே ஸ்லோக்கம் 1993இல் வெளியிட்ட முறை நாரை மீட்க முயலாமல், கணைக்காலெலும்பின் மேற்பகுதியை வளைவாக வெட்டித் திருப்பி, சரிவைக் குறைத்து, உலோகத் தகடு பொருத்துகிறது. சிறப்பு வாளும் தேர்ந்த கையும் வேண்டிய இச்சத்திரசிகிச்சையை உள்ளூர் அரச மிருக வைத்திய அலுவலகத்தில் எதிர்பார்ப்பது நியாயமன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா மருத்துவமனையிலோ கொழும்பின் தனியார் மருத்துவமனைகளிலோ எம்முறை செய்யப்படுகிறது என்பதை, நாயை ஏற்றிச் செல்லுமுன் கேட்டறிவது நல்லது.

சத்திரசிகிச்சையின்றியும் தேற வழியுண்டு. 1984இல் பிலிப் வாஸர் வெளியிட்ட ஆய்வில், 15 கிலோகிராமுக்குக் குறைந்த நாய்களில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை ஓய்வினாலேயே தேறின. அதற்கு மேற்பட்ட எடையுள்ளவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே தேறியது. ஆகவே மெலிந்த ஊர் நாய்க்கு நம்பிக்கை கூடுதல். ஆனால் ஓய்வு என்பது வாரக்கணக்கில் குறுகிய இடத்தில் வைத்து, சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே கொண்டுசெல்வதாகும் என்பதால், கயிறறியாத நாய் இரவெல்லாம் ஊளையிடும், அயலவரின் பொறுமையும் சிகிச்சைக்குத் தேவைப்படும். தெருவுக்கே பொதுவான நாயாயின், ஏதேனும் ஒரு வீட்டார் அவ்வாரங்களுக்கு அதைப் பொறுப்பேற்றாலன்றி இது நடவாது.

வலிக்கு மனிதரின் ஐபுபுரோஃபென் கொடுப்பது நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மெலொக்ஸிகாம் போன்ற மருந்தும் வைத்தியர் குறித்த அளவிலேயே தரப்பட வேண்டும். நடைப்பயிற்சி தொடங்கியபின், கால் புதையும் உலர்மணலைத் தவிர்த்து ஈரம் இறுகிய தரையில் நடத்துவதும், காயம் முற்றாக ஆறி வைத்தியர் இசைந்தபின் அலையடிக்கும் கடலில் அன்றிக் களப்பின் அமைதியான நீரில் நீந்தவிடுவதும், மூட்டுக்குச் சுமையின்றித் தொடைத்தசையை வளர்க்கும். உப்புநீரைக் குடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். எலும்பு வெட்டப்பட்ட நாய் இரண்டாம் வாரத்திலேயே நான்கு காலையும் ஊன்றி நடக்கத் தொடங்கக்கூடும். அதைக் கண்டு அவிழ்த்துவிடும்போதுதான் தகடு தளர்வதும் எலும்பு பிளப்பதும் நேர்கின்றன என்பதால், ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் எடுக்கும் எக்ஸ்ரே எலும்பு பொருந்தியதைக் காட்டும் வரை கயிறு கழற்றப்படலாகாது.