கொல்லிமலை உரலும் தேசத்தின் விஞ்ஞானக் கொள்கையும்

டில்லியில் வகுக்கப்படும் விஞ்ஞானக் கொள்கையை எங்கே வைத்து நிறுத்துப் பார்ப்பது? ஸ்ரீஹரிக்கோட்டாவில் பார்க்கலாம் என்பார் சிலர். பெங்களூர் ஆராய்ச்சிசாலைகளில் பார்க்கலாம் என்பார் வேறு சிலர். அவை நமக்குப் பெருமை தரும் இடங்களே. ஆயினும் நாம் வாசகர்களை நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலைக்கு அழைக்க விரும்புகிறோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்கப் புலவர் போற்றிய அம்மலைநாட்டில், சாமையும் தினையும் குத்தி உணவாக்கிய உரலையும் உலக்கையையும் காணலாம். நமது தேசத்தின் விஞ்ஞானம் அந்த உரலுக்கு எவ்வளவு சமீபத்தில் வந்திருக்கிறது என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

கொள்கைக்கு நம்மிடம் என்றும் பஞ்சமிருந்ததில்லை. சுயராஜ்யம் வருமுன்னரே, 1938-ல், காங்கிரஸ் தலைவர் சுபாஷ் சந்திர போஸ் தேசியத் திட்டக் கமிட்டியை நியமித்து ஜவாஹர்லால் நேருவை அதன் தலைவராக்கினார். 1958-ம் வருஷம் மார்ச்சு 4-ந் தேதி இந்திய சர்க்காரின் விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம் வெளியாயிற்று. விஞ்ஞான அறிவினால் விளையக்கூடிய நன்மைகள் யாவும் ஜனங்களுக்குக் கிட்டச் செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. 1983-ல் வெளிவந்த தொழில்நுட்பக் கொள்கை அறிக்கை, பெண்களுக்கும் நலிந்த வகுப்பாருக்கும் வேலை தருவதையும் பரம்பரைத் தொழில்திறனைப் பேணுவதையும் வற்புறுத்தியது. 2003-லும் 2013-லும் மீண்டும் கொள்கைகள் வந்தன. ஆராய்ச்சிக்குத் தேச வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு செலவிட வேண்டும் என்று அவை சொல்லின. 2020-21-ல் செலவானதோ நூற்றுக்கு 0.64 பங்குதான்! இந்தக் குறைவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். செலவான சொற்பமும் எப்பக்கம் பாய்ந்தது என்று கேட்போர் மிகச் சிலரே.

கொல்லிமலைக் குடிகள் மலையாளிகள் எனப்படுவோர். (மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது, மலையாள தேசத்தாரோடு இவர்களைச் சேர்த்துக் குழப்பலாகாது.) சாமை, தினை, வரகு, பனிவரகு, கேழ்வரகு ஆகியவை இவர்களது பழைய வெள்ளாமை. சாமை என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதை அவர்கள் கட்டவெட்டிச்சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று பிரித்தறிந்து, நிலத்துக்கும் மழைக்கும் தக்கபடி விதைத்து வந்தார்கள். விதையைத் தெரிந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியது விஞ்ஞானமல்லாமல் வேறென்ன? பட்டமும் சம்பளமும் இல்லாதது ஒன்றே வித்தியாசம்.

இந்தப் பயிர்கள் சுருங்கி, அவற்றின் இடத்தை மரவள்ளி பிடித்துக்கொண்டது எப்படி? மலைவாசிகளின் அறியாமையே காரணம் என்று சொல்வோருக்கு நாம் மறுப்புக் கூற வேண்டியிருக்கிறது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் அந்நிய மாவுப் பொருள்களின் வரவு தடைப்பட்டபோது சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் வேரூன்றியது. 1963-ல் திருவனந்தபுரத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தை இந்திய சர்க்கார் நிறுவினர். அந்நிலையம் 1971-ல் எச்-165, எச்-226 என்ற உயர் விளைச்சல் மரவள்ளி இனங்களை வெளியிட்டது. 1981-ல் ஜவ்வரிசி உற்பத்தியாளருக்காகச் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. ஆக, மரவள்ளிக்குப் பின்னால் ஆராய்ச்சிசாலை இருந்தது, ஆலை இருந்தது, சந்தையும் லாரியும் இருந்தன. சாமைக்குப் பின்னால் இருந்தது ஒரு மலைப்பெண்ணின் இரண்டு கைகள்! போட்டி எவ்வாறு முடியும் என்பதைச் சோதிடனைக் கேட்டா அறிய வேண்டும்?

மரவள்ளியை நாம் நிந்திக்கவில்லை. மலைவாசிக்கும் ரொக்கம் வேண்டும். பிள்ளையின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் சாமையை அளந்து கொடுக்க முடியாது. ஆனால் கிழங்கின் விலை கீழ்நாட்டு ஆலைகளின் கையிலிருக்கிறது. சரிவான நிலத்தில் கிழங்கைத் தோண்டி எடுக்குந்தோறும் மண் இளகி மழையோடு போகிறது. விலை விழுந்த வருஷத்தில் விற்கவும் வழியின்றி, குதிரில் தானியமுமின்றி நிற்பவன் குடியானவன்தான். ரேஷன் அரிசி பசியைத் தணிக்கிறது என்பது உண்மை. அதுவே தானியம் குத்தும் அவசியத்தையும் குறைத்துவிட்டது.

இங்கே யந்திர சம்பந்தமான ஒரு சிறு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். கேழ்வரகை அடித்துத் தூற்றினால் போதும். உமி நீக்கும் வேலையில்லை, நேரே மாவாக்கலாம். மாவரைக்கும் மில் எந்த ஊரிலும் உண்டு. சாமை, தினை, வரகு, பனிவரகு அப்படியல்ல. அவற்றின் உமி கெட்டியானது. மணியோ கடுகினும் சற்றே பெரிது. அவற்றை நெல்லரைக்கும் மில்லில் இட்டால் அரிசி நொறுங்கிப் பாதி தவிட்டோடு போய்விடும். ஆகவே பெண்கள் உரலில் குத்திப் புடைத்து, மறுபடியும் குத்திப் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு அரைப்பொழுதைக் கழிக்க வேண்டியதாயிற்று. உமி நீக்கவேண்டிய தானியங்கள் அடுப்பங்கரையை விட்டு முதலில் நீங்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அவற்றை நீக்கியது நாக்கல்ல, தோள்வலி.

தேசத்தின் பெருந்தொழில் இம்மலைக்கு வராமலில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேட்டூரில் 1965-ல் தொடங்கிய அலுமினியத் தொழிற்சாலைக்கு இங்கிருந்து பாக்சைட் மண் வெட்டிக்கொண்டு போகப்பட்டது. 2008-ல் அவ்வுலை நின்றது. மலையின் மண்ணை அலுமினியமாக்கும் வித்தை அறிந்த தேசத்துக்கு, மலையின் சாமையை அரிசியாக்கும் சிறு யந்திரம் செய்து கொடுப்பது அசாத்தியமாயிருந்திருக்குமா?

அசாத்தியமல்ல என்பதற்கு இம்மலையிலேயே சாக்ஷி இருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்த விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1990-களில் கொல்லிமலையில் வேலை தொடங்கியது. நழுவிப்போன விதைகளைச் சேகரித்து ஊர்தோறும் விதைச் சேமிப்புக்கு ஏற்பாடு செய்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. உமி நீக்கும் யந்திரங்களையும் மாவு யந்திரங்களையும் ஊர்களில் வைத்து, மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டார்கள். சாமையரிசியையும் தினைமாவையும் பொட்டலமிட்டு விற்கப் பழக்கினார்கள். நெல்லிலும் கோதுமையிலும் பசுமைப் புரட்சிக்கு முன்னின்ற அதே விஞ்ஞானி, தம் பிற்காலத்தில் சாமையின் உமியைப் பற்றிக் கவலைப்பட்டது நம் மந்திரிகள் சிந்திக்கத்தக்கது.

யந்திரத்தைக் கொண்டுவந்து இறக்குவதோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு தானியத்துக்கும் மணியின் அளவு வேறு. அதற்கேற்பச் சல்லடையையும் சுழலும் வேகத்தையும் மாற்ற வேண்டும். தானியத்தின் ஈரம் சற்று மிகுந்தாலும் உமி ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் ஏறி இறங்கினால் மோட்டார் கருகும். ஒரு பட்டை அறுந்தால் மலையிறங்கி வாங்கிவர ஒரு நாள் கூலி போய்விடும். திறப்பு விழாவுக்கு மாலை வாங்கும் நமது அதிகாரிகள் உதிரிப் பாகம் வாங்க ஏனோ மறந்துவிடுகிறார்கள்!

இந்தியாவின் பிரேரணையின்பேரில் ஐக்கிய நாடுகள் சபை 2023-ம் வருஷத்தைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதற்கு முன்னோடியாக 2022 டிசம்பரில் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்குச் சிறுதானிய விருந்தும் நடந்தது. உண்டவர்களில் எத்தனை பேர் உமி நீக்கியது யார் என்று வினவினரோ அறியோம். அதே 2023-ல் ஆராய்ச்சிக்கென்று ஒரு தேசிய ஸ்தாபனம் சட்டபூர்வமாக ஏற்பட்டது. ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி ரூபாய் என்றும், அதில் பெரும்பகுதி சர்க்கார் அல்லாத இடங்களிலிருந்து வரும் என்றும் சொன்னார்கள். முதலாளி பணம் போட்டால் லாபம் பார்ப்பான், அது குற்றமன்று. ஆனால் ஐம்பது வீடுள்ள மலைக் கிராமத்தின் உமி யந்திரத்தில் எந்த முதலாளிக்கு லாபம் உண்டு? அங்கே சர்க்கார் பணமே செல்ல வேண்டும். எருமைப்பாலிலிருந்து குழந்தையுணவு செய்யும் முறையை மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடிக்க, அதைக் குஜராத்தின் கைரா ஜில்லாக் கூட்டுறவுப் பாற்காரர் கையாண்டு தொழில் வளர்த்தார்கள். சர்க்கார் ஆராய்ச்சிசாலையும் குடியானவர் சங்கமும் கைகோத்த அந்த வழி நமக்குப் புதிதன்று.

ஆகவே நாம் கேட்பது இது. ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை மலைநாட்டுச் சிறு யந்திரங்களுக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். யந்திரத்தின் மாதிரியைக் கோயமுத்தூரிலோ போபாலிலோ மட்டும் சோதிக்காமல், அதை இயக்கப்போகும் பெண்களின் முன்னிலையில் மலையின்மேலேயே சோதிக்க வேண்டும். பழுது பார்க்க மலையாளி இளைஞர்களையே பயிற்றி, உதிரிப் பாகங்களுடன் மேலேயே ஒரு பட்டறை அமைக்க வேண்டும். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நமது பிரதிநிதிகளாயிருப்போர் அடுத்த வரவு செலவு விவாதத்தில் ஒரு கேள்வி போடட்டும்: கொல்லிமலையில் இதுவரை வைக்கப்பட்ட உமி நீக்கும் யந்திரங்கள் எத்தனை, அவற்றில் இன்று ஓடுகிறவை எத்தனை?