ஏழாம் எண் பலகை

நவராத்திரி கொலுவில் நமது தொழிலுக்கு நிரந்தரமாக ஓர் இடம் உண்டு என்பதை வணிக அன்பர்கள் அறிவார்கள். தொந்தியும் துண்டுமாகச் செட்டியார் பொம்மை, பக்கத்தில் அவருடைய இல்லத்தரசி, எதிரே சின்னச் சின்னத் தட்டுகளில் அரிசி, பருப்பு, வெல்லம். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் பொம்மை வாங்கப் போகிறவர்கள் இந்த ஜோடியைக் கேட்காமல் வருவதில்லை. ஆனால் ஒன்றை நாம் அதிகம் கவனித்ததில்லை. செட்டியாரிடம் சரக்கு இருக்கிறது, கடை இல்லை. வெட்டவெளியில்தான் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார்.

கடந்த நவராத்திரியில் திருமுக்கூடலில் நமது உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அரிசி, வெல்லம் மொத்த வியாபாரம் செய்பவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொலுப்படிக்குப் பக்கத்தில் மேசை மேல் ஒரு பிளைவுட் பலகை. அதைச் சுற்றி ஒரு பொம்மை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பாலாறு. மாவுச் சல்லடையில் சலித்த மணலால் ஆன ஆறு. அக்கரையில் பழைய சீவரம் ஸ்டேஷன், இக்கரையில் ஒரு சிறிய மளிகைக் கடை. கடையின் உயரம் நம் கட்டைவிரல் அளவுகூட வராது. ஆனால் ஓட்டுக் கூரை, திண்ணை, வாசலில் சாத்திய பலகைகள் எல்லாம் இருந்தன. குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதியிருந்தது.

அதன் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் பேரனுக்காக ஒரு ரயில் செட்டும் கூடவே ஒரு பெட்டியும் கொண்டு வந்தார். பெட்டியின் மேல் அமெரிக்கக் கிராமத்துப் பலசரக்குக் கடை ஒன்றின் படம். திறந்தால் கடை இல்லை. கட்டுக் கட்டாக மெல்லிய மரக் குச்சிகள், கோடு கீறிய மரத்தகடுகள், உலோகத்தில் வார்த்த கடுகளவு பீப்பாய்கள், ஒரு வரைபடம், அவ்வளவுதான். இதற்குக் கிராஃப்ட்ஸ்மேன் கிட் என்று பெயர். பிளாஸ்டிக் கிட் என்றால் துண்டுகளைப் பொருத்தி ஒட்டினால் ஒரு மாலையில் வீடு நின்றுவிடும். இது அப்படியல்ல. சுவர், சட்டம், ஜன்னல் கம்பி வரை நாமே அளந்து வெட்ட வேண்டும். பேரன் இரண்டே நாளில் சலித்துப்போய் ரயிலோடு ஒதுங்கிவிட்டான். தாத்தா பிடித்துக்கொண்டார்.

கடை அடைத்த பின் தினம் ஒரு மணி நேரம். "முதல் சுவர் வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது" என்றார் சிரித்தபடி. மெல்லிய மரத்தகட்டில் ஒரு பக்கம் மட்டும் வர்ணம் அடித்தால் அந்தப் பக்கம் ஈரம் குடித்து வளையும். இரண்டு பக்கமும் அடித்து, மேலே எடைக்கல் வைத்துக் காயவிட வேண்டும். உள்பக்கம் குறுக்குச் சட்டமும் ஒட்ட வேண்டும். அடுத்த தவறு, ஒட்டிய பிறகு சாயம் பூசியது. பசை பட்ட இடம் சாயத்தை ஏற்காது. தேமல் போலத் தெரியும். ஆகவே குச்சிகளுக்கு முதலில் சாயம், பிறகே பசை. பழைய மரத்தின் சாம்பல் நிறம் வர ஸ்பிரிட்டில் இரண்டு சொட்டுக் கறுப்பு மை விட்டுக் கலக்கித் தடவினால் போதும். பத்துக் குச்சி ஒரே நீளத்தில் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக அளக்கக் கூடாது. ஒரு மரக்கட்டையைத் தடையாக ஒட்டி வைத்து அதில் முட்டக் கொடுத்து வெட்ட வேண்டும். இந்த வேலையில் பழகிய எவரைக் கேட்டாலும் இவற்றைத்தான் முதலில் சொல்வார்.

அளவு பற்றிச் சொல்லியாக வேண்டும். உலகில் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவில் எல்லாம் 87-இல் ஒரு பங்கு. ஐந்தரை அடி மனிதன் 19 மில்லிமீட்டர். மூன்றடி மூட்டை பத்தரை மில்லிமீட்டர். அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், அது 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள வெளிநாட்டுப் பாதையின் பங்கு. நமது அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். கணக்குப் பார்த்தால் 19-க்கு மேல் வர வேண்டும். கடையில் வாங்கும் ரயில் செட்டில் நம் ஊர்ப் பாதை சற்று ஒடுங்கித்தான் போகும். பழைய சீவரம் வழியாகச் செல்லும் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதைக்கு அது புதிதல்ல. அதில் அரக்கோணம்–காஞ்சிபுரம் பகுதி 1865-இல் மூன்றரை அடி அகலத்தில் போடப்பட்டது, பிறகு மீட்டர் கேஜ் ஆயிற்று, இப்போது அகலப்பாதை. ஒரே பாதை மூன்று அகலம் கண்டுவிட்டது.

அமெரிக்கக் கடை முடிய நாற்பது நாள் ஆயிற்று. முடித்து மேசை மேல் வைத்தவருக்குத் திருப்தி வரவில்லை. பாலாற்றங்கரையில் அமெரிக்கக் கடைக்கு என்ன வேலை? தன் தகப்பனார் கடையையே செய்துவிடுவது என்று உட்கார்ந்தார். அங்கேதான் சிக்கல்.

அந்தக் கடையை அவரே இடித்துவிட்டிருந்தார். ஓட்டுக் கூரை ஒழுகியது, மரப்பலகை கரையான் அரித்தது, ஷட்டர் போட்டால் பூட்டுவது சுலபம். நம்மில் பலர் செய்ததுதான்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடையின் அகலம் என்ன? திண்ணை எத்தனை அடி? எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. புகைப்படம் என்று தேடியதில் கிடைத்தது ஒரு கல்யாணப் படம். அதில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் கடையின் ஒரு தூண் தெரிகிறது. பத்திரத்தில் மனையின் அளவு இருக்கிறது, கட்டடத்தின் அளவு இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இந்த ஊரின் பெருமாள் கோயில் சுவரில் 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. இங்கு நடந்த ஆதுலர் சாலையில் நோயாளிகளுக்குப் படுக்கை பதினைந்து, வைத்தியருக்கு நெல் எவ்வளவு, இருப்பில் என்னென்ன மருந்து என்று ஒரு நல்ல கணக்குப்பிள்ளை எழுதியது போல விவரம். ஆயிரம் வருஷத்துக் கணக்கு அங்கே இருக்கிறது. கண்ணெதிரே இருந்த கடைக்கு ஒரு துண்டுச்சீட்டுக்கூட இல்லை.

கடைசியில் உதவியது ஒரு பலகை. வாசலை அடைத்த பலகைகள் பதினொன்று. இடித்த அன்று பத்துப் பலகை விறகுக்குப் போயிற்று. ஒன்று மட்டும் குடோனில் வெல்ல மண்டைகளின் கீழ் ஈரம் ஏறாமல் இருக்கப் போட்டுக் கிடந்தது. புரட்டினால் தகப்பனார் கைப்பட எழுதிய 7. வரிசை தவறாமல் மாட்டுவதற்காக எழுதிய எண். பலகையின் அகலம் ஒன்பது அங்குலம். பதினொன்றால் பெருக்க 99 அங்குலம், அதாவது எட்டேகால் அடி. வாசல் அகலம் கிடைத்துவிட்டது! பலகையின் நீளம் ஏழடி. அதுவே வாசல் உயரம். 87-ஆல் வகுத்தால் அகலம் 29 மில்லிமீட்டர், உயரம் இருபத்து நாலரை. ஒரு பலகை 2.6 மில்லிமீட்டர். தீக்குச்சி அதற்குச் சற்று மெலிவு. ஐஸ் குச்சியைச் சீவி எடுத்தார். கூரை ஓட்டுக்கு நெளி அட்டை, தூணுக்கு ஊதுபத்திக் குச்சி, சுவருக்குப் பட்டுப்புடவைப் பெட்டியின் அட்டை, ஒட்ட பெவிகால். பெரும்பாலும் நம் கடைகளில் புழங்கும் சரக்குதான்.

மற்ற அளவுகளை ஊர் சொன்னது. கொலு பார்க்க வந்த ஒரு மூதாட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஏம்பா, உங்கப்பா கல்லாப்பெட்டி இந்தப் பக்கமா இருந்துச்சு? தெக்கால இல்ல இருந்துச்சு. நான் எண்ணெய் வாங்க நின்னா வெயிலு மூஞ்சியில அடிக்கும்" என்றாராம். கல்லா இடம் மாறியது. முன்பு மூட்டை தூக்கியவர் ஒருவர் வந்து, "முதலாளி, படி ரெண்டு இல்லீங்க, மூணு. மூணாவது படியிலதான் மூச்சு வாங்கும்" என்றார். படி மூன்றாயிற்று.

இந்தக் கலையை வெளியில் எவ்வளவு தூரம் கொண்டு போயிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜார்ஜ் செல்லியோஸ் என்பவர் 1967-இல் ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ் என்ற பெயரில் இத்தகைய கிட்டுகளை விற்கத் தொடங்கினார். அவர் தமக்கென அமைத்த ரயில் நகரம் 1930-களின் மந்த காலத்து ஊர். சாயம் உரிந்த சுவர், வளைந்த கூரை, மங்கிய பெயர்ப்பலகை. இடித்துத் தள்ளிய கடைகளைப் பணம் கொடுத்து வாங்கி, மாதக்கணக்கில் உட்கார்ந்து திரும்பக் கட்டுகிறார்கள் அங்கே. நம் நாட்டில் புனே கோத்ரூடில் பாவ்சாகேப் ஜோஷி அமைத்த சிறு ரயில் அருங்காட்சியகம் 1998-இல் திறக்கப்பட்டது. அந்தப் பக்கம் கொள்முதலுக்குப் போகும் அன்பர்கள் குழந்தைகளோடு ஒரு நடை பார்த்துவரலாம்.

திண்ணையும் பலகை வாசலும் உள்ள நம் ஊர்க் கடைக்குக் கிட் விற்பவர் எவரையும் நாம் இதுவரை காணவில்லை. இறக்குமதி கிட் விலையும் கட்டுப்படியாகாது. பொம்மைகளுக்கான சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. ஆனால் பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக் வெட்டும் லேசர் இயந்திரங்கள் இப்போது சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. அதே இயந்திரம் மெல்லிய மரத்தகட்டையும் வெட்டும். ஆடியிலேயே ஆரம்பித்தால் கொலுச் சமயத்துக்குச் சரக்கு தயாராகும் என்பது நம் கணக்கு. ஒரு எச்சரிக்கை: 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. விசாரிக்காமல் இறங்க வேண்டாம்.

சரக்கு வரட்டும், வராமல் போகட்டும். பலகை வாசல் இன்னும் உள்ள அன்பர்கள் ஷட்டர்காரரைக் கூப்பிடுமுன் ஒரு டேப்பை எடுத்து வாசலின் அகலம், உயரம், திண்ணையின் நீளம், படிகளின் எண்ணிக்கை, தூண்களின் இடைவெளி ஆகியவற்றைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஓர் அடிக்கோலை வாசலில் நிறுத்தி நேர் எதிரே நின்று ஒரு படம் எடுத்தால் மீதி அளவுகளைப் படத்திலிருந்தே கணக்கிடலாம். கால் மணி நேர வேலை.

திருமுக்கூடல் கடையில் ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. பெயர்ப்பலகையின் நிறம். நீலத்தில் வெள்ளை எழுத்து என்கிறார் நம் உறுப்பினர். பச்சை என்று சாதிக்கிறார் அவருடைய தம்பி. கல்யாணப் படமோ கறுப்பு வெள்ளை. தை மாதப் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் ஆற்றைக் கடந்து வரும்போது உறவுக்காரர்கள் எல்லோரும் கூடுவார்கள். அப்போது கேட்டு முடிவு செய்யலாம் என்று பலகையில் எதுவும் எழுதாமல் வைத்திருக்கிறார்.