உயர்த்திய வண்டி ஏன் நடுங்குகிறது? கோசைன் சொல்லும் பதில்

மாணவர்களே, கிள்ளான் பக்கம் உயரம் கூட்டிய ஹைலக்ஸ் வண்டிகளைப் பார்த்திருப்பீங்க. காட்டுப் பாதைக்காக சஸ்பென்ஷனை உயர்த்தினால் கியர்பாக்ஸ் சட்டத்தோடு மேலே போகும். பின் அச்சு கீழேயே நிற்கும். இரண்டையும் இணைக்கும் டிரைவ் ஷாஃப்ட் கூடுதலாகச் சாயும்.

ஷாஃப்ட்டின் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கிறது. அது சாய்வாகச் சுழலும்போது, உள்வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளிவரும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். எவ்வளவு? கோணத்தின் கோசைன் மடங்குவரை குறையும். அதன் தலைகீழ் மடங்குவரை கூடும். கணித்துப் பாருங்க: 5 பாகையில் ஏற்ற இறக்கம் சுமார் 0.4 விழுக்காடு, 10 பாகையில் 1.5. கோணம் இரு மடங்கு, ஏற்ற இறக்கமோ நான்கு மடங்கு!

இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால், முதல் ஜாயிண்ட் செய்த மாற்றத்தை இரண்டாவது சரிசெய்துவிடும். அச்சு திரும்பிக் கோணங்கள் வேறுபட்டால் அதிர்வு அச்சுக்குப் போகும்; ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். வேகமாக ஓடும்போது ஜாயிண்ட் உடைந்தால் ஆபத்து. அதனால்தான் உயர்த்திய பிறகு இரு கோணங்களையும் அளந்து, அச்சுக்கு ஆப்பு வைத்துச் சமப்படுத்துகிறார்கள்.

ஆசிரியர்களே, ‘கோசைன் எதுக்கு?’ என்று கேட்கும் மாணவருக்கு இந்தக் கணக்கைக் கொடுங்கள். 20 பாகைக்கு அவரே கண்டுபிடிக்கட்டும்.