நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது ஏன்?

என் தந்தையாருக்குப் பக்கவாதம் வந்து வலப் பக்கம் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். வேளாவேளைக்கு மருந்து கொடுத்தோம், கஞ்சி புகட்டினோம். அவர் தூங்கினால் எழுப்பாமல் விட்டோம். பத்தாம் நாள் அவரைப் பார்க்க ஒரு செவிலியர் வந்தார். வந்ததும் அவர் கேட்ட கேள்வி எனக்கு வியப்பாக இருந்தது.

"அப்பாவைக் கடைசியாக எப்போது திருப்பிப் படுக்க வைத்தீர்கள், சார்?"

"காலையில், சிஸ்டர். அசந்து தூங்குகிறார். எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டோம்."

அவர் ஒன்றும் சொல்லாமல் அப்பாவை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முதுகெலும்பு முடியும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. செவிலியர் அதை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். நிறம் மாறவில்லை. "படுக்கைப் புண் தொடங்கிவிட்டது, சார். இப்படியே விட்டால் தோல் பிய்ந்துவிடும்" என்றார்.

"அழுத்தம் = விசை ÷ பரப்பு" என்று இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறவன் நான். அந்தச் சமன்பாடு என் வீட்டுக் கட்டிலில் வேலை செய்துகொண்டிருந்ததை நான் காணவில்லை, செவிலியர் கண்டார். அவர் கண்டது என்ன என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒரு சிறு கணக்கு

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். அவர் எடை 60 × 9.8 = 588 நியூட்டன். அவர் உடல் மெத்தையைத் தொடும் பரப்பு 0.3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 588 ÷ 0.3 = 1960 பாஸ்கல். மருத்துவர்கள் அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் அளப்பார்கள். 1 மி.மீ. பாதரசம் என்பது 133 பாஸ்கல். ஆகவே நம் விடை ஏறத்தாழ 15 மி.மீ.

இனி உடலுக்குள் வருவோம். தோலுக்கும் தசைக்கும் உயிர்வளியைக் கொண்டு செல்பவை தந்துகிகள் என்னும் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள். இவற்றின் தொடக்கத்தில் இரத்த அழுத்தம் சுமார் 32 மி.மீ. என்று 1930-ஆம் ஆண்டில் லாண்டிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்தார். வெளி அழுத்தம் 15, உள் அழுத்தம் 32. அப்படியானால் தந்துகி நசுங்கக் கூடாதே! புண் ஏன் வருகிறது?

15 என்பது சராசரிதான் என்பதை மறந்துவிடக் கூடாது. நம் உடல் செங்கல் போல் தட்டையானது அன்று. மல்லாந்து படுத்தால் பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, இடுப்பின் பின்புறம், குதிகால் ஆகிய எலும்பு மேடுகள்தாம் பெரும் பாரத்தைத் தாங்குகின்றன. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, உள்ளங்கை அளவான 80 சதுர செ.மீ. பரப்பில் இறங்குவதாகக் கொள்ளுங்கள். அழுத்தம் 7350 பாஸ்கல், அதாவது 55 மி.மீ.! தந்துகி நசுங்குகிறது, இரத்த ஓட்டம் நிற்கிறது. நெடுநேரம் உயிர்வளி கிடைக்காத திசு மடிகிறது. முதியவர்கள், நீரிழிவு நோயாளிகள், இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இதைவிடக் குறைந்த அழுத்தமே போதும்.

சங்கு குளிப்பவருக்குப் புண் வராதது ஏன்?

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். மன்னார் வளைகுடாவில் 10 மீட்டர் ஆழத்தில் சங்கு குளிப்பவரின் உடல் மீது கூடுதலாக ஏறத்தாழ 750 மி.மீ. அழுத்தம் இருக்கும். அவர் தந்துகிகள் ஏன் நசுங்குவதில்லை?

ஒரு ரப்பர் குழாயில் நீர் நிரப்பிக் கிணற்றுக்குள் போடுங்கள், அது நசுங்காது. எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம். குழாய்க்குள்ளும் அதே அழுத்தம். அதே குழாயைத் தரையில் போட்டு மிதியுங்கள், நசுங்கிவிடும். ஆகவே தீங்கு செய்வது அழுத்தத்தின் அளவு மட்டுமன்று. ஒரு பக்கமாக அழுந்தித் திசுவின் வடிவம் குலைவதே தீங்கு. எலும்பு உள்ளிருந்தும் கட்டில் வெளியிலிருந்தும் நெருக்க, இடையில் தசை மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் பல சமயம் கேடு எலும்பை ஒட்டி ஆழத்தில் தொடங்குகிறது; மேலே சிறு திட்டாகத் தெரிவது உள்ளே பெரிய பள்ளமாக இருக்கலாம்.

இந்தக் கருத்தைப் பயன்படுத்திக்கொண்டவர் நீல் ஆர்னட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். இவர் பௌதிகப் பாடநூலும் எழுதியவர். 1832-ஆம் ஆண்டில் நீர் நிரம்பிய தொட்டியின் மேல் ரப்பர் பூசிய துணியைப் பரப்பி, அதன் மேல் நோயாளியைப் படுக்க வைத்தார். நீர் உடலின் வடிவத்துக்கு இடம் கொடுத்து எல்லா இடத்திலும் தாங்கியது. இன்றைய நீர்ப் படுக்கைக்கும் காற்றுப் படுக்கைக்கும் அதுவே முன்னோடி.

வலி என்னும் காவலாளி

நாமும்தான் இரவெல்லாம் படுத்திருக்கிறோம். நமக்கு ஏன் வருவதில்லை? மூன்று மணி நேரத் தேர்வில் பெஞ்சில் எத்தனை முறை நெளிகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். உறக்கத்திலும் நாம் அறியாமலே பல தடவை புரளுகிறோம். திசு திணறியதும் நரம்பு செய்தி அனுப்புகிறது. மூளை "அசை" என்று கட்டளையிடுகிறது.

பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், முற்றிய மூட்டு நோய், முதுமையின் மறதி நோய் ஆகிய நாள்பட்ட நோய்களில் இந்தச் சங்கிலி எங்கேனும் அறுந்துவிடுகிறது. சிலருக்குச் செய்தி போகாது. சிலருக்குக் கட்டளை வராது. சிலருக்குக் கட்டளை வந்தும் உடல் அசையாது. அப்போது அந்த நரம்பின் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். அவர்தான் செவிலியர்.

அழுத்தத்தோடு காலமும் சேர்ந்தே கேடு செய்கிறது. 1959-ஆம் ஆண்டில் கோசியாக் என்ற அமெரிக்க மருத்துவர் விலங்குகளில் ஆராய்ந்து, மிகுந்த அழுத்தம் சிறிது நேரத்தில் செய்யும் கேட்டைக் குறைந்த அழுத்தம் நெடுநேரத்தில் செய்துவிடும் என்று காட்டினார். நோயாளியின் எடையை நம்மால் நீக்க முடியாது. ஆனால் ஓர் இடம் அழுந்தியிருக்கும் நேரத்தைக் குறைக்க முடியும். "இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை" என்ற வழக்கத்தின் பொருள் இதுதான். இரண்டு மணி என்பது மாறாத விதி அன்று. நல்ல மெத்தை இருந்தால் நேரத்தைச் சற்றுக் கூட்டலாம். தோல் சிவந்தால் குறைக்க வேண்டும்.

மரணத்தைத் தள்ளி வைத்த மாற்றம்

முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களைக் கொன்றன. 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் பொறுப்பேற்றார். இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கொரு தரம் ஒவ்வொரு நோயாளியையும் திருப்பிப் போடச் செய்தார். தோலையும் சிறுநீர்ப்பையையும் கவனிக்கச் செய்தார். சாவார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்து வேலைக்கும் போனார்கள். 1948 ஜூலையில் அவர்களுள் 16 பேருக்கு அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து.

நம் வேலூரிலும் ஒரு சான்று உண்டு. கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டில் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அவருடைய முயற்சியால் 1966-ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் வாழ்கிறவர்கள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும். உணர்ச்சி சொல்லாததைப் பழக்கம் சொல்ல வேண்டும்.

சாய்தளமும் கட்டிலும்

தலைப்பக்கத்தை உயர்த்திய கட்டில் ஒரு சாய்தளம். 30 பாகையில் எடையின் சாய்வுக் கூறு, சைன் 30° = ½ ஆதலால், எடையில் பாதி. உடல் கீழே வழுக்கப் பார்க்கிறது. தோலோ விரிப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இடையிலுள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டு முறுக்கிக்கொள்கின்றன. இதுவே சறுக்கு விசை. அதனால் உணவு கொடுக்கும் நேரம் போக மற்ற நேரத்தில், மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், சாய்வை 30 பாகைக்குள் வைப்பார்கள். நோயாளியை இழுக்காமல், அடியில் மடித்த விரிப்பை இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துவார்கள். வியர்வையும் சிறுநீரும் தோலை ஊறச் செய்து உராய்வை மிகுவிக்கும். ஆகவே நனைந்த துணியை உடனே மாற்றுவார்கள்.

நீங்கள் செய்து பாருங்கள்

உங்கள் உள்ளங்கையைப் பெருவிரலால் அழுத்தி எடுங்கள். அந்த இடம் வெளுத்துப் பின் சிவக்கும். இரத்தம் திரும்பி வந்ததன் அடையாளம் அது. நோயாளியின் தோலில் சிவந்த இடம் அழுத்தினால் வெளுக்காவிட்டால் அது எச்சரிக்கை. நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அப்போது பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு, அந்த இடம் கறுத்திருக்கிறதா, சுடுகிறதா, கெட்டியாக அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது பழைய வழக்கம். அது நலிந்த திசுவை மேலும் சிதைக்கும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் வேண்டாம். வளையத்தின் விளிம்பே இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிற்க விடுங்கள். குதிகாலுக்கு அழுத்தம் சுழியாகிவிடும்!

அன்று செவிலியர் ஒரு தாளில் "6 மணி இடம், 8 மணி மல்லாந்து, 10 மணி வலம்" என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். அந்தத் திட்டு மறையும்வரை மல்லாந்து படுக்கும் முறையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொன்னார். இரவு பத்து மணி முறை ஒன்பதாம் வகுப்பில் படித்த என் மகனுடையது. ஒரு வாரத்தில் அந்தத் திட்டு மறைந்தது. அதன் பின் அப்பா நான்கு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார், புண் வரவில்லை.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ எழ முடியாத தாத்தாவோ பாட்டியோ இருக்கிறாரா? அவரைக் கடைசியாக எப்போது திருப்பிப் படுக்க வைத்தார்கள் என்று இன்று கேட்டுப் பாருங்கள்.